நாலு மணி மீன்பிடிப்பு

பிப்ரவரி 2

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், கூடவே தினமும் நாட்குறிப்பு எழுதும்படியும் சொன்னார். "ஊர்க்காரங்களப் பத்தித் தோணுறத எல்லாம் அவங்ககிட்டயே சொல்லிட்டு இருக்கீங்க போல. இனிமே நோட்டுல எழுதிருங்க சார். உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது." வரலாற்று ஆசிரியனான எனக்கு இது இரண்டாவது பணி ஓய்வு. முதல் ஓய்வில் மாணவர்கள் தப்பித்தார்கள். இதில் தாழைமணல் கிராமம் தப்பிக்கிறது.

இன்று நடந்தவை: தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் மாற்றினேன். அடுத்த வீட்டிலிருந்து தங்கை கித்தேரி காரல் மீன் குழம்பு கொடுத்தாள். ஊருக்கு வடக்கே கடற்சொர்க்கம் ஹாலிடே பார்க்கைத் திறந்தார்கள்.

திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலைப் பார்த்தபடி, கடல் நிறம் அடித்த நீச்சல் குளம். அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திமிங்கலம். குழந்தைகள் வாய் வழியாக ஏறி, வால் வழியாக வழுக்கி வந்து விழுகிறார்கள். பைபிளில் பெரிய மீன் விழுங்கிய யோனா தீர்க்கதரிசியே வந்த வழியாகத்தான் திரும்பினார். தங்கும் குடில்களுக்குத் தாழை, புன்னை, அடம்பு, எருக்கு என்று பெயர். அந்த இடத்தில் இயந்திரம் வைத்துப் பிடுங்கிப் போட்ட செடிகளின் பெயர்கள்தாம். கல்லறையிலும் பெயர் எழுதும் முறை இதுவே.

ஊர்க் கமிட்டித் தலைவர் ரொமால்டு கோமஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேர்த்து ஒழுகியும் அவர் அதைக் கழற்றவில்லை. வீட்டுக்குப் போகும்போது கடைத்தெரு வழியாகச் சுற்றிப் போனார்.

பிப்ரவரி 11

ஹாலிடே பார்க்கின் மேலாளர் ஊருக்குள் வந்தார். பெயர் நிரஞ்சன், சென்னைக்காரர், வயது முப்பத்தைந்துக்குள். எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்பார். நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர் அதையும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

இருதயமேரி வடகரை மணலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சூப்பர்மா. இதெல்லாம் பாரம்பரியம். ஆனா காத்து நம்ம பக்கம் அடிக்குது பாருங்க. கெஸ்ட் எல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. கொஞ்சம் தள்ளிக் காய வச்சுக்கலாமா?"

"காத்துகிட்ட சொல்லிப் பாரும் தம்பி. நான் சொல்லி அது கேக்க மாட்டங்குது."

"உங்களுக்கு ஸ்மெல்லே தெரியலையா?"

"தெரியுது. சென்ட் வாடை. நீரு வந்ததுலருந்து அடிக்கி."

பிப்ரவரி 19

நிரஞ்சன் என் வீட்டைத் தேடி வந்தார். "ஊர்ல யாரைக் கேட்டாலும் தோபியாஸ் சாரைத்தான் சொல்றாங்க. 'அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டாப் போதும், சாயங்காலம் வரைக்கும் சொல்லுவார்'னாங்க."

இந்த ஊர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது.

எனக்குப் பண்பாட்டு ஆலோசகர் என்ற பதவி தரப்பட்டிருக்கிறது. உள்ளே இருந்து கவனிக்கலாம் என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொண்டேன். அரண்மனையைப் பற்றி நன்றாக எழுதியவர்கள் எல்லாரும் அரண்மனையில் சாப்பிட்டவர்கள்தாம். தவிர, அறையில் ஏசி இருக்கிறது.

மார்ச் 2

குடில் வாசல்களில் நான் எழுதிக் கொடுத்த தகவல் பலகைகளை மாட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 'தகவல்: பேராசிரியர் தோபியாஸ் லோபோ' என்று இருக்கிறது. நான் பள்ளிக்கூட வாத்தியார். திருத்தச் சொல்லலாம்தான். பாவம், அவர்களுக்கு இப்போது வேலை அதிகம்.

மார்ச் 6

கித்தேரியின் கணவர் சூசை மச்சாது காலையிலேயே வந்து உட்கார்ந்தார். வடகரையில் கரைமடி போடுகிறவர் அவர். கரைமடி என்பது, படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. இழுக்க முப்பது நாற்பது கைகள் வேண்டும். நீளமான வெறுங்கரையும் வேண்டும்.

"மச்சான், நீரு படிச்ச ஆளு. பார்க்குக்காரன் வலைய வெலைக்குக் கேக்கான். குடுக்கலாமா?"

"குடுத்துட்டு நீங்க என்ன செய்வீங்க மாப்பிள்ளை?"

"நாந்தான் இழுக்கணுமாம். தெனம் சாயங்காலம் நாலு மணிக்கு, அவன் கெஸ்டுகளச் சேத்துக்கிட்டு. மாசச் சம்பளம். வலை கிழிஞ்சா அவன் செலவு. மீன் பட்டாலும் சம்பளம், படாட்டாலும் சம்பளம்."

"நாலு மணிக்கு அங்க என்ன மீன் படும்?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'அது எங்க பொறுப்பு'ங்கான்."

கதவருகில் நின்ற கித்தேரி, "கடலு எப்பருந்து அவன் பொறுப்பாச்சாம்?" என்றாள்.

சூசை என்னையே பார்த்தார். அவரவர் விருப்பம் என்று சொன்னேன். நல்ல சம்பளம்தான் என்றும் சொன்னேன். நிரஞ்சன் இதுபற்றி என்னிடம் முன்பே பேசியிருந்தார் என்பதைச் சொல்லத் தேவை ஏற்படவில்லை.

மார்ச் 18

முதல் நாலு மணி மீன்பிடிப்பு. மத்தியானம் மூன்று மணிக்கே துறைமுகத்திலிருந்து வேன் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக வஞ்சிரம். கரைமடியில் வஞ்சிரம் விழாது. ஆனால் சென்னையிலிருந்து வந்தவர்களுக்குப் பெயர் தெரிந்த மீன் அது ஒன்றுதான். சூசையின் ஆட்கள் அதை வலையின் பையான மடிக்குள் போட்டு, வாயைக் கட்டி, படகில் கொண்டுபோய்க் கடலில் இறக்கினார்கள். மீன்பிடித் தொழிலின் வரலாற்றில் மீனைக் கடலுக்குக் கொண்டுபோன முதல் படகு இதுவாக இருக்கலாம்.

விருந்தாளிகள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கயிறு இழுத்தார்கள். மடி கரையேறியதும் ஒரே ஆரவாரம். ஒரு பெண்மணி மீனைத் தொட்டுவிட்டுத் தன் கணவரிடம், "எவ்ளோ சில்லுனு இருக்கு பாருங்க. ஆழ்கடல்ல அப்படித்தான் இருக்குமாம்," என்றார். செவுளில் ஐஸ் கட்டி இருந்தது. அவர் அதைப் பவளம் என்று நினைத்திருக்கக்கூடும்.

சூசை வலையை உதறி மணலில் விரித்தார். இன்று அதில் சிக்கிய உயிருள்ள ஒரே பிராணி ஒரு நண்டு. அதைக் கடலில் விட்டார்.

ஏப்ரல் 12

பார்க்கில் ஆழ்துளைக் கிணறு போட்டதிலிருந்து என் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. திமிங்கலம் நல்ல தண்ணீரில் குளிக்கிறது.

மே 9

பார்க்கின் உணவு விடுதியில் நிரஞ்சன் எனக்கு விருந்து வைத்தார். சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எட்டு வகை இருந்தது என்பதைத் தவிர.

அவர் நல்ல கேள்விகள் கேட்கிறார். முக்கியமாக, பதிலையும் கேட்கிறார். இந்த ஊரில் நான் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் அடுப்பில் பால் பொங்கும் நினைவு வந்துவிடும். நிரஞ்சன் போனை மேசையில் வைத்துப் பதிவே செய்துகொண்டார்.

கரை யாருடையது என்று கேட்டார். சட்டப்படி அது எல்லாருக்கும் பொது, அதாவது யாருக்கும் இல்லை என்று ஆரம்பித்து, தாழைமணல் வழக்கத்தை விளக்கினேன். கரை மனிதனுடையது அல்ல, மடியுடையது. ஒரு கரையில் யாருடைய மடி ஏறுகிறதோ அவருக்கே அந்தக் கரை. ஆண்டுதோறும் சந்தியாகப்பர் திருவிழாக் கொடி ஏறும்போது, கொடிமரத்தடியில் நின்று கமிட்டித் தலைவர், "இந்தக் கரையில் யார் மடி ஏறிச்சு?" என்று கேட்பார். மடிக்குச் சொந்தக்காரர் மூன்று முறை பதில் சொல்ல வேண்டும். அடுத்த கொடிவரை அந்தக் கரையில் படகு நிறுத்துவதும், கருவாடு காயப்போடுவதும் அவர் அனுமதியோடுதான். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. மீறியவன் யாரும் இதுவரை இல்லை.

"சூப்பர் சார். அப்ப மடி இருந்தா கரை?"

"மடி இருந்தால் கரை."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் இல்லை. மடிக்காரனுக்குக் கடமைகளும் உண்டு. கயிற்றுப் பங்கு இருக்கிறது, வெறும் மடி ஏறினால் என்ன செய்வது என்பது இருக்கிறது. அவற்றைச் சொல்ல வாயெடுத்தபோது, அங்கே பரிமாறும் ஊர்ப் பெண் ஒருத்தி கேரமல் கஸ்டர்ட் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பேச்சு வேறு திசையில் போய்விட்டது.

மே 27

விருந்தாளிகள் இணையத்தில் கருத்து எழுதுகிறார்கள். 'இடம் அருமை. ஆனால் அந்த வயதான மீனவர் சிரிப்பதே இல்லை. குழந்தை பயந்துவிட்டது.'

சூசையைச் சிரிக்கச் சொல்லி நிரஞ்சன் என்னைத் தூது அனுப்பினார். சொன்னேன்.

"எதுக்குச் சிரிக்கணும் மச்சான்?"

"மீன் பட்ட சந்தோஷத்துல."

"வேன்காரந்தான சிரிக்கணும்?"

இப்போது அவருக்கும் ஆட்களுக்கும் சீருடை கொடுத்திருக்கிறார்கள். ஜரிகைத் தலைப்பாகை, கட்டம் போட்ட வேட்டி, இடுப்பில் சிவப்புக் கச்சை. இந்தக் கடற்கரையில் எவனும் எந்நாளும் கட்டாத பாரம்பரிய உடை.

ஜூலை 10

நிரஞ்சன் தமிழ் உச்சரிப்பில் அக்கறை காட்டுகிறார். 'கடற்சொர்க்கம் மடி' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். மூச்சை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். இந்த வயதில் இந்த ஆர்வம் அரிது.

ஜூலை 16

கொடியேற்றம். மழை இல்லை. பேண்டு வாத்தியத்தில் ஒரு டிரம்பெட் கடைசிவரை வேறு பாட்டு வாசித்தது.

கொடி ஏறியதும் கோமஸ் வழக்கம்போல் கேட்டார். தென்கரைக்குத் தொம்மைக்குட்டி குடும்பம் பதில் சொன்னது. பிறகு, "வடகரையில யார் மடி ஏறிச்சு?"

சூசை ஓர் அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது என்று நினைக்கிறேன். அவர் வலையை விற்றுவிட்டார். வலையை விற்கும்போது, கயிறும் மிதவையும் ஈயக் குண்டும்தான் போகின்றன என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். கரையும் கூடவே போகும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இதுவரை வலை கைமாறியதெல்லாம் மாமன் மச்சான்களுக்குள்.

பெல்ட் போட்டு வேட்டி கட்டிய நிரஞ்சன், கூட்டத்திலிருந்து வந்து மூன்று முறை சொன்னார்: "கடற்சொர்க்கம் மடி." உச்சரிப்பில் குறையே இல்லை.

பெரிய கூச்சல். கோமஸ் கையை உயர்த்தினார். "எங்க வழக்கத்துல எவனும் தலையிடக் கூடாதுன்னு கலெக்டர்கிட்டயே சொன்னவங்க நாம. இப்ப நாமளே அத மாத்துனா, நாளைக்குத் தென்கரையும் போயிரும். என்ன செய்யச் சொல்லுதிய?" அவர் குரல் நடுங்கியது. இன்று பொன்னாடை போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 18

வடகரையில் கம்பி வேலி. படகுகளைத் தென்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஏற்கெனவே இடம் இல்லை. தொம்மைக்குட்டி மகனும் இன்னொருவனும் கைகலந்தார்கள். இருதயமேரி மொட்டை மாடியில் கருவாடு காயப்போடுகிறாள். ஊரே நாறுகிறது, பார்க்கைத் தவிர.

கித்தேரி வந்தாள்.

"அண்ணே, நம்ம கொடிமர வழக்கம் அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எவனாவது சொல்லியிருப்பான். இந்த ஊர்ல எவன் வாய் சும்மா இருக்கு?"

"ஆமாண்ணே," என்றாள். என் வீட்டிலிருந்த தன் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று குழம்பு வரவில்லை. முட்டை பொரித்துக்கொண்டேன்.

ஜூலை 30

முட்டை.

ஆகஸ்ட் 3

சூசையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம்: விருந்தினர் உபசரிப்பில் போதிய மகிழ்ச்சி இன்மை. அந்த வாக்கியத்தின் தமிழாக்கம் நான் செய்தது அல்ல; செய்திருந்தால் 'இன்மை' வந்திருக்காது. அவருக்குப் பதிலாக, நன்றாகச் சிரிக்கிற ஒருவனை வெளியூரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். முன்பு துணிக்கடை வாசலில் நின்று வரவேற்றவனாம்.

சூசை வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தன் வலையை மற்றவர்கள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏசி அறையிலிருந்து அவரைப் பார்த்தேன். கண்ணாடி கறுப்பு, அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது. என்றாலும் திரையை இழுத்துவிட்டேன். வெயில்.

ஆகஸ்ட் 10

எதிர்பாராத ஒன்று.

நாலு மணிக்கு வலையை வளைத்துப் போட்டார்கள். விருந்தாளிகள் கயிற்றைப் பிடித்தபோது, கித்தேரி கடலுக்குள் இடுப்பளவு இறங்கி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பின்னால் இருதயமேரி, அவள் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். புடவையை இழுத்துச் செருகி, கயிற்றில் கை வைத்தார்கள்.

காவலாளி ஓடினான். நிரஞ்சன் அவனைத் தடுத்தார். "விடு, விடு. சூப்பர். ரொம்ப ரியலா இருக்கு." விருந்தாளிகள் படம் எடுத்தார்கள். பெண்கள் "ஏலேலோ" என்று பாட்டே பாடினார்கள். அப்படி இழுக்கும்போது யாரும் இங்கே பாடுவதில்லை, மூச்சு வாங்கும். கேலிக்குத்தான் பாடினார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

மடி ஏறியது. வேனில் வந்த மீன் மணலில் கொட்டியது. பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஓகே, தேங்க்ஸ்மா. கிளம்பலாம்," என்றார் நிரஞ்சன்.

"பங்கு பிரிக்காம எப்படித் தம்பி கெளம்ப?" என்றாள் கித்தேரி.

"என்ன பங்கு?"

"கயித்துப் பங்கு. கயித்துல யார் கை வச்சாலும் அவங்களுக்கு மீன் உண்டு. மடிக்காரன் கடைசியாத்தான் எடுக்கணும்."

"இது எங்க மீன். கடையில வாங்கினது."

சுற்றி நின்ற விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி, "கடையிலயா அங்கிள்?" என்று கேட்டாள். நிரஞ்சன் உடனே உரக்கச் சிரித்து, "கடல்ல! கடல்ல பிடிச்சது!" என்றார்.

"அப்ப பங்கப் பிரியும்," என்றாள் இருதயமேரி.

கோமஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வேலிக்கு வெளியே நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "வழக்கத்துல கரைய வாங்கினா, வழக்கத்துல பங்கையும் குடுக்கணும். ஒண்ணு மட்டும் வேணும்னா எப்படி?" ஜூலை மாதம் நடுங்கிய குரலா இது என்று இருந்தது.

ஆகஸ்ட் 15

கொடி, மிட்டாய். நாலு மணிக்கு ஊரில் பாதி கயிற்றில் இருந்தது. சூசையும் வந்திருந்தார். துணிக்கடைக்காரன் சிரித்துக்கொண்டே கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டான்.

வஞ்சிரம் பெட்டிகள் இரண்டு மடங்காகிவிட்டன. விருந்தாளிகளின் இரவுச் சாப்பாட்டுக்கு மிஞ்சியது தலைகள் மட்டும்.

ஆகஸ்ட் 18

வஞ்சிரத்துக்குப் பதிலாகச் சாளை மீன் போட்டுப் பார்த்தார்கள். விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். ஊர்க்காரர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள், சாளைதான் ருசி. பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்டோ பிடித்து வருகிறார்கள். கயிற்றில் இடம் பிடிக்கச் சின்னத் தள்ளுமுள்ளு. வரலாற்றில் எந்தப் புரட்சியும் வரிசையில் நின்றதில்லை.

நான் கயிற்றுப் பக்கம் போகவில்லை. ஆலோசகராகச் சில பலகைகள் பாக்கி இருக்கின்றன.

ஆகஸ்ட் 22

நிரஞ்சனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "மீனே போடாம இழுத்தா? ஜீரோ வந்தா ஜீரோதானே சார் பங்கு?"

நான் கணித ஆசிரியன் அல்ல என்பதால் கருத்துச் சொல்லவில்லை.

மடி வெறுமையாக ஏறியது. கொஞ்சம் பாசி, ஒரு சொறி மீன். நிரஞ்சன் கைகளை விரித்துக் காட்டினார். "இன்னைக்குக் கடல் கொடுக்கலை. என்ன பண்றது!"

ஒருவரும் வருத்தப்படவில்லை. எல்லாரும் கையை உதறிக்கொண்டு எழுந்து, உணவு விடுதியை நோக்கி நடந்தார்கள்.

"எங்க போறாங்க? எங்க போறீங்க?"

பதில் சொன்னவர் சூசை. ஐந்து மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார். அதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. "வெறும் மடி ஏறுனா, கயித்துல நின்ன அத்தன பேருக்கும் மடிக்காரன் வீட்ல சாப்பாடு தம்பி. எங்க வீட்ல கஞ்சி ஊத்துவோம். உம்ம வீட்ல என்ன உண்டோ அது."

முந்நூறு பேராவது இருப்பார்கள். புல்தரையில் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர்கள் பாதிப் பேர் இந்த ஊர்ப் பெண்கள். சித்திக்கும் பெரியம்மாவுக்கும் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். கோமஸ் பொன்னாடையோடு வந்து பந்தியின் முதல் இடத்தில் அமர்ந்தார். விருந்தாளிகள் காலித் தட்டுகளோடு சுவரோரம் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் யோசித்துவிட்டு, "நானும் கயிறு இழுத்தேன்," என்று சொல்லிப் பந்தியில் உட்கார்ந்தார். படித்தவராக இருக்க வேண்டும்.

இருதயமேரி சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, நிரஞ்சன் பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சினாள். "நல்ல வாசம். காத்து நம்ம பக்கமா அடிக்குது பாரும்."

நான் ஊழியர் பகுதியில் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23

இன்றும் வெறும் மடி. இன்றும் பந்தி. நாற்பது அறைகள் ரத்து.

ஆகஸ்ட் 25

நிரஞ்சன் என்னைக் கூப்பிட்டார். மேசையில் போன். அதிலிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது. நன்றாகப் பதிவாகியிருக்கிறது, 'மடி இருந்தால் கரை' என்ற இடத்தில் கொஞ்சம் கம்பீரம் கூட.

"சார், இந்தப் பங்கு, சாப்பாடு எல்லாம் அன்னைக்கே நீங்க சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே."

"'அவ்ளோதானா'ன்னு கேட்டேன் சார். இதுலயே இருக்கு."

அதற்குப் பிறகு பதிவில் கேட்டது கரண்டிச் சத்தம் மட்டும்.

பண்பாட்டு ஆலோசகர் பதவி இன்றோடு முடிந்தது. பலகைகளில் என் பெயருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பேராசிரியர் பட்டமும் போனது. உள்ளே இருந்து கவனிக்க வேண்டியதைக் கவனித்தாகிவிட்டது.

செப்டம்பர் 6

சூசையின் வலையைப் பார்க் திருப்பிக் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, மேடை போட்டு, 'கடலோர மக்களுக்குக் கடற்சொர்க்கத்தின் அன்பளிப்பு' என்று எழுதிப் படம் எடுத்துக் கொடுத்தது. சூசை வலையை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் போர்த்திய பொன்னாடையைக் கோமஸ் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

வலை கைமாறியதைக் கொடிமரத்தடியில் மணி அடித்து அறிவித்தார்கள். சூசை மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை குரல் எழும்பவில்லை. கமிட்டி அதை ஏற்றுக்கொண்டது.

வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். திமிங்கலம் இருக்கிறது. கிணறும் அப்படியே இருக்கிறது. நாலு மணி மீன்பிடிப்புக்குப் பதிலாக, 'கருவாட்டு அனுபவம்' என்று ஒன்று யோசிக்கிறார்களாம். இருதயமேரியைக் கேட்டிருக்கிறார்கள். அவள் மறுக்கவில்லை, யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 12

விடியற்காலையில் வடகரையில் சூசையின் மடி. நானும் போனேன். கயிற்றின் கடைசியில் கொஞ்ச நேரம் கை வைத்தேன். உள்ளங்கை உரிந்துவிட்டது. விருந்தாளிகள் இதைக் காசு கொடுத்துச் செய்தார்கள்.

மடியில் நெத்திலி ஓரளவு. மற்றபடி ஐஸ்கிரீம் கரண்டிகள், ஒரு நீச்சல் கண்ணாடி, திமிங்கலத்தின் வாலிலிருந்து உடைந்து போன நீலத் துண்டு ஒன்று. கரண்டிகளைத் தவிர மற்றதை முறைப்படி பங்கு பிரித்தார்கள். எனக்கும் ஒரு கை நெத்திலி வந்தது.

பிரித்து முடிந்ததும், எல்லாரும் அறிந்துகொள்ளட்டும் என்று சில விஷயங்களை விளக்கினேன். வழக்கத்தின் முதல் பாதியை மட்டும் நிரஞ்சனுக்குத் தெரியவிட்டு, இரண்டாம் பாதியை நான் திட்டமிட்டு மறைத்தேன் என்பதையும், எதிரியை உள்ளே விட்டுப் பொறியை மூடுவது போர்க்கலையில் ஒரு முறை என்பதையும் சொன்னேன். கூட்டம் கலையாமல் கேட்டது. "அப்படியா சார்," என்றாள் இருதயமேரி, மீனிலிருந்து பாசியைப் பொறுக்கிக்கொண்டே.

மத்தியானம் கித்தேரி வீட்டில் சாப்பாடு. ஜூலைக்குப் பிறகு இன்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சூசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

"அண்ணே, மீதிய வேணும்னேதான் சொல்லாம விட்டீங்களோ?"

"ஆமா."

பொரித்த நெத்திலியை என் தட்டில் அள்ளி வைத்தாள்.

"அன்னைக்குப் பார்க்குல சாப்பாட்டுக்குப் பெறகு என்ன இனிப்பு வச்சான்?"

நெத்திலி நல்ல மொறுமொறுப்பு. உப்புதான் கொஞ்சம் தூக்கல். கிணற்றுத் தண்ணீராக இருக்கும்.